டச்டவுன் அண்ணனின் முழங்கால்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அமெரிக்காவுக்கு மிக அருகில் இருக்கும் இடம் எது என்று யாராவது கேட்டால், புக்கிட் செலம்பாவ் முச்சந்தியில் காலை ஆறே முக்காலுக்கு வந்து நிற்கும் நாலாம் நம்பர் வேன் என்று நான் அடித்துச் சொல்வேன். அந்த வேனை ஓட்டியவர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. பினாங்குப் பாலத்தையே மூன்று தடவைதான் கடந்திருக்கிறார், அதிலும் ஒரு தடவை வழி தவறி. ஆனால் அமெரிக்கப் பந்து விளையாட்டுக்காரர்கள் எதற்காக முட்டி போடுகிறார்கள் என்ற ஒரே ஒரு விஷயத்தில், பூமியின் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்சிய நிபுணர் கிடையாது.

அவருடைய சொந்தப் பேர் வேன் பெர்மிட்டில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அவர் டச்டவுன் அண்ணே. சுங்கைப்பட்டாணியில் நாங்கள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையின் கேட்டுக்குள் வேன் நுழைந்து நின்றதும், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூரை வரை உயர்த்தி, “டச்டவுன்” என்பார். அமெரிக்கப் பந்தில் கோல் விழுந்ததற்கு ரெஃப்ரி காட்டும் சைகை அது. கத்த மாட்டார். தூங்கிவிட்ட குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் சொல்வதுபோல மெதுவாகச் சொல்வார். கேட்டில் நின்ற நேப்பாளிக் காவலரும் சில மாதங்களில் பதிலுக்கு இரண்டு கைகளையும் தூக்கப் பழகிக்கொண்டார். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், காவலர் கையைத் தூக்கியபடி நிற்பதைப் பார்த்து, ஏதோ கொள்ளை நடக்கிறது என்று காரை ரிவர்ஸ் எடுத்தார் என்பது எங்கள் கேன்டீன் வரலாறு.

டிப்ளமா முடித்த கையோடு நல்ல வேலைகளுக்கு எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரும்வரை என்று சொல்லித்தான் அந்தத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். பதில் வர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் நாலாம் நம்பர் வேனின் கடைசி சீட், ஜன்னல் ஓரம்.

அந்த சீட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை. டிரைவரை விட்டுவிட்டால் வேனில் பதினோரு பேர். அமெரிக்கப் பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். தற்செயல் என்று நீங்களும் நானும் நினைப்போம். அண்ணே நினைக்கவில்லை. பருமனானவர்கள் நடு வரிசையில், எதிரி உள்ளே புகாமல் தடுக்க. பேக்கிங் பிரிவின் லெட்சுமி அக்கா முன் சீட்டில், எல்லாருக்கும் உத்தரவு போடும் இடத்தில். அதை யாரும் சொல்லாமலேயே அக்கா போட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீ ஒல்லியா இருக்க, வேகமா ஓடுவ. கடைசி மூலைக்குப் போம்மா” என்றார் அண்ணே. நான் அந்த மூலையில் ஓடியதாக நினைவில்லை. தூங்கினேன்.

திங்கட்கிழமைகளில் மட்டும் தூங்க முடியாது. அமெரிக்காவில் ஞாயிறு காலை சர்ச், ஞாயிறு மதியம் பந்து. அந்த ஞாயிறு மதியம் நமக்கு விடிந்த திங்கட்கிழமை. கெடாவில்தான் வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு வேலை ஆயிற்றே. அண்ணனுடைய சபையும் வெள்ளிக்கிழமைதான் கூடும், டயர் கடைக்கு மேல் மாடியில். “அவனுங்களுக்கு ஜெபமும் பந்தும் ஒரே நாள்ல வருது. நமக்கு மூணு நாள் இடைவெளி. அதான் நம்ம ஆளுங்க முன்னேறல” என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

டாஷ்போர்டில் ஒட்டியிருந்த போனில் ஆட்டம் ஓடும். வெளியே சுங்கை லாலாங் பக்கத்துச் செம்பனைகள் வரிசை வரிசையாகப் பனிக்குள் போய் மறையும். தூரத்தில் ஜெராய் மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆண்டுக் கடைசியில் போன் திரையிலும் பனி கொட்டும். வெள்ளைப் பனிக்குள் ஹெல்மெட் போட்ட பெரிய பெரிய ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருப்பார்கள். பாதித் தூக்கத்தில் எந்தப் பனி எங்கே பெய்கிறது என்று எனக்குக் குழம்பிவிடும். லட்சம் வெள்ளைக்காரர்கள் செம்பனை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து யாருக்கோ கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அண்ணே கிளட்சை மிதிக்கும்போது, அந்த ஸ்டேடியம் முழுக்க ஒரு குலுக்கல் குலுங்கும்.

ஆட்டத்தின் விதிகள் அவருக்குத் தெரியாது. நான் அவசரக்காரி, எதையும் தேடிப் படித்துவிட்டு வந்து எல்லாருக்கும் விளக்குகிற ஆள். அவருக்கும் விளக்கப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “பந்து முட்ட மாதிரி இருக்கும். ஒருத்தன் தூக்கிட்டு ஓடுவான். மத்தவன்லாம் அவன் மேல விழுவானுங்க. அப்புறம் எந்திரிச்சி மீட்டிங் போடுவானுங்க. கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரிதான்லா. இதுல என்ன தெரியணும்?”

அவர் பார்த்தது வேறு. சில வருடங்களுக்கு முன் அவருடைய சபைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பிரசங்கியார், செய்திக்கு நடுவே ஒரு வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறார். ஆட்டம் முடிந்திருக்கிறது. இரண்டு அணிக்காரர்களும், சேறும் வேர்வையுமாக, திடலின் நடுவில் கைகோத்து வட்டமாக முட்டி போட்டிருக்கிறார்கள். பிரசங்கியார் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினாராம். அண்ணே காதில் ஒன்றும் விழவில்லை.

“டச்டவுன் அடிச்சவன் முட்டி போடுறது பெருசில்லம்மா. ஜெயிச்சவன் யாரு வேணாலும் போடுவான்” என்றார் ஒரு நாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. “ஆட்டம் முடிஞ்சதும் அடிச்சவனும் அடி வாங்குனவனும் சேந்து போடுறான் பாரு. அதான்.”

அந்த வட்டத்துக்காகத்தான் அவர் மூன்று மணி நேர ஆட்டத்தைச் சகித்துக்கொண்டார். அது வருவதற்குள் எங்கள் வேன் கேட்டை அடைந்துவிடும். பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இவ்வளவு பெரிய முட்டி நிபுணருக்கு முட்டி போட வராது. பதினெட்டு வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால், மடக்கினால் மடங்கும், நிமிர்த்தினால் நிமிராது. சபையில் எல்லாரும் முழங்காலில் நிற்க இவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு.

ரெண்டு பக்கமும் ஜெபம் செய்தால் கடவுள் யார் பக்கம் என்று நான் ஒரு முறை மடக்கினேன். “அவரு ரெஃப்ரிம்மா, பக்கம் கிடையாது” என்றார் உடனே. பெடோங் சாலையில் வேனைத் திருப்பியபடி, “ஆனா விசில் ஊதுற மாதிரியும் தெரியல” என்றார்.

வேனில் அண்ணனைத் தவிர மற்ற எல்லாரும் கோயில் ஆட்கள். ஆனால் அமெரிக்கப் பந்தின் ஆன்மிகம் எங்களையும் விடவில்லை. ஒரு விளையாட்டுக்காரன் கண்ணுக்குக் கீழே பூசிய கறுப்பு மையில் வேத வசனத்தின் எண்ணை எழுதிக்கொண்டு வந்தான். வெயில் கூசாமல் இருக்க மை, மனசு கூசாமல் இருக்க வசனம் என்று அண்ணே விளக்கிக்கொண்டிருக்கும்போதே லெட்சுமி அக்கா அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டார். “மூணு நம்பர்தான் இருக்கு. நாலு வேணும்லா குதிரை லாட்டரிக்கு. இன்னொரு கண்ணுல என்ன எழுதிருக்கான், பாத்துச் சொல்லு” என்று அவர் கேட்டபோது, அண்ணே வேனை ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருந்தார்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்றில் வந்தது. அமெரிக்கப் பந்தில், நேரம் முடியப்போகிறது, தோல்வி நிச்சயம் என்றால், கடைசி நொடியில் பந்தைத் தூரமாக வீசிவிட்டுக் கடவுள் விட்ட வழி என்று நிற்பார்கள். அந்த வீச்சுக்கு ‘ஹெயில் மேரி’ என்று பேர். கத்தோலிக்கர்கள் மாதாவை நோக்கிச் சொல்லும் ஜெபத்தின் பேர் அது. வர்ணனையாளர் தொண்டை கிழிய அதைச் சொன்ன முதல் நாள், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா சடாரென்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கேட்டியா? ‘ஏ மாரி’ன்னு கூப்புடுறான். வெள்ளக்காரனுக்கும் கடைசில ஆத்தாதான் வேண்டியிருக்கு.”

அன்று முதல் எங்கள் வேனைப் பொறுத்தவரை அமெரிக்கா மாரியம்மன் பக்தர்கள் நிறைந்த நாடு. “அது மரியாள்லா அக்கா, ஏசப்பாவோட அம்மா” என்று அண்ணே சொல்லிப் பார்த்தார். “அம்மாதானே? நானும் அதான் சொல்றேன்” என்றார் அக்கா. அண்ணனுக்கு இரண்டு பக்கமும் இடி. அவருடைய சபை பெந்தெகொஸ்தே சபை; மரியாளை நோக்கி ஜெபிக்கும் வழக்கமே அங்கே கிடையாது. பாஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். “பந்துக்கெல்லாம் எந்தப் பேரும் வேண்டாம்பா. கடைசி பாஸ்னு சொல்லிட்டுப் போ” என்றாராம் அவர்.

அதற்குப் பிறகு வர்ணனையாளர் அந்தச் சொல்லை நெருங்கும்போதெல்லாம் அண்ணே கை போனுக்குப் போகும். சத்தம் குறையும். சபைக் கட்டுப்பாடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லெட்சுமி அக்காதான் ஒரு நாள் கேன்டீனில் சொன்னார். ஏழாம் நம்பர் வேனை ஓட்டுகிற மாரிமுத்துவும் அண்ணனும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள், ஒரே கால்பந்து டீமில் ஆடியவர்கள். மாரிமுத்து கீப்பர், இவர் ஃபார்வர்ட். ஆறு வருடத்துக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில் அண்ணனுக்குப் பெனால்டி கிடைத்தது. அப்போதுதான் சபையில் சேர்ந்திருந்த வேகம். உதைப்பதற்கு முன் டச்டவுன் அடித்த அமெரிக்கர்கள் கடவுளுக்குக் காட்டுவதுபோலவே ஒரு விரலை வானத்துக்கு உயர்த்தினார். பந்தும் அந்த விரல் காட்டிய திசையிலேயே போனது. மறு பக்கத்து கோலிலிருந்து மாரிமுத்து, “அவருக்கே பாஸ் குடுத்திட்டான்லா” என்றான். திடல் முழுக்கச் சிரித்தது. அண்ணே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வேன்களும் தினமும் பக்கத்துப் பக்கத்து பார்க்கிங்கில்தான் நிற்கும். அவனைப் பற்றிப் பேசவேண்டி வந்தால், ‘ஏழாம் நம்பர்’ என்பார். பேர் மட்டும் வாயில் வராது.

அவசரக்காரி என்று சொன்னேனே, மறுநாளே அவரிடம் கேட்டுவிட்டேன். கடவுளைக் கிண்டல் செய்ததாலா என்று. அண்ணே வைப்பரைப் போட்டார். அது இரண்டு தடவை பனியைத் துடைத்தது.

“ஏசப்பா அன்னிக்கே சிரிச்சிருப்பாரும்மா. எனக்குத்தான் சிரிக்கத் தெரியாமப் போச்சி. இப்ப எப்படிப் போயி பேசுறது?”

அதற்கு ஒரு வழியைத்தான் அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனில் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

வருடாந்திர விளையாட்டு நாள் அறிவித்தார்கள். வேனுக்கு வேன் கால்பந்து, பக்கத்துக்கு ஏழு பேர், டிரைவர்களும் ஆடலாம். சீட்டுக் குலுக்கியதில் நாலாம் நம்பருக்கு எதிரே ஏழாம் நம்பர். அண்ணனுக்கு முழங்கால் ஒத்துழைக்காது என்பதால் கோச். கோச் ஆனதும் என்னைக் கூப்பிட்டுப் போட்ட முதல் உத்தரவு, மனிதவள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுது, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் நடுத் திடலில் முட்டி போட அனுமதி வேண்டும் என்று.

மலாயில் எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மனிதவள மேடம் என்னை அழைத்துவிட்டார், முகமெல்லாம் வேர்த்து. அமெரிக்காவில் அநியாயத்தைக் கண்டித்து முட்டி போட்ட விளையாட்டுக்காரர்களைப் பற்றி அவரும் எங்கோ படித்திருந்தார். எதைக் கண்டித்து, சம்பளமா கேன்டீன் சோறா என்று கேட்டார். இது போராட்டம் இல்லை, ஜெபம் என்றேன். அவர் இன்னும் பயந்துபோனார். அந்த நாட்டில் அரசாங்கப் பள்ளித் திடலில் கோச் ஜெபிக்கலாமா என்று கோர்ட் வரை போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததை ஆர்வமாக எடுத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. வாய் திறக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. தரை ஈரமாக இருந்தால் கூடாது.

அண்ணே அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு வேனில் மாட்டிவைத்தார். “நம்ம டீம் போடும். அவனுங்க வருவானுங்களா?” என்று மட்டும் கேட்டார். அவனுங்க என்றால் எந்த ஒருத்தன் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டம் வெள்ளிக்கிழமை காலை. பாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் எங்கள் ஏழு பேரும் அமெரிக்கப் பாணியில் தலைகளை முட்டிக்கொண்டு மீட்டிங் போட்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, மதியம் பிரியாணி உண்டா என்று பேசியதாகத் தெரிந்தது. எதிர் அணி அதைப் பார்த்துப் பயந்தது என்னவோ உண்மை.

ஏழாம் நம்பர் கோலில் மாரிமுத்து. வயிறு போட்டிருந்தது, கையில் எங்கள் தொழிற்சாலையின் ரிஜெக்ட் ஆரஞ்சுக் கையுறை இரண்டு அடுக்கு. ஆனாலும் பூனை மாதிரி விழுந்தான். கடைசி நிமிடம் வந்தபோது அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. பந்து எங்கள் கீப்பர் தினேஷ் கையில். கடைசி பாஸுக்கான நேரம். திட்டப்படி அண்ணே கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும்; அதைப் பார்த்து தினேஷ் உதைக்க வேண்டும். அண்ணே உயர்த்தினார். தினேஷ் கண்ணில் வெயில். அவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரி மணி பார்த்தார். அண்ணே வாயைத் திறந்தார். கடைசி பாஸ் என்றுதான் சொல்லப்போனார். அவர் பிறகு எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறார்.

“ஏ மாரி!”

திடலின் இரண்டு கோடிக்கும் கேட்டது. தினேஷ் உதைத்துவிட்டான். பந்து மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றது போல எனக்கு இருந்தது. கீழே, அந்தக் கோலில், மாரிமுத்து பந்தைப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து அடுத்த வீட்டிலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டால் எப்படித் திரும்புவானோ, அப்படியே திரும்பினான்.

“என்னாடா?” என்றான்.

பந்து ஒரு தடவை தரையில் குதித்து, அவன் காதை ஒட்டி உள்ளே போனது.

கொஞ்ச நேரம் திடலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. “ஆத்தா எறங்கிட்டா” என்று லெட்சுமி அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு ஏழாம் நம்பர்க்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். கீப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஃபவுல் என்றார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எங்கள் ரெஃப்ரி, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று விசில் ஊதிவிட்டார். இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிந்தது.

அண்ணே யாரையும் பார்க்காமல் நடுத் திடலுக்கு நடந்தார். இடது காலை மெல்ல மடக்கி, முட்டி போட்டார். எங்கள் ஏழு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டே அவரைச் சுற்றி முட்டி போட்டார்கள். எதிர் அணி தூரத்தில் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது. பாதி வட்டம்தான் ஆனது. ஐந்து நிமிடம் முடிந்து எங்கள் பையன்கள் எழுந்தார்கள். அண்ணே எழவில்லை. பக்தி என்றுதான் முதலில் நினைத்தோம். முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முழங்கால் பூட்டிக்கொண்டது.

நானும் அக்காவும் ஓடுவதற்குள் ஒரு நிழல் அவர் முன்னால் போய் நின்றுவிட்டது. ஆரஞ்சுக் கையுறை போட்ட நிழல்.

“கூப்புட்டியா?” என்றான் மாரிமுத்து.

அண்ணே புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தான் கூப்புட்டியா, இல்ல உன் போன்ல கத்துறானுங்களே, அந்த அம்மாவையா?”

மரியாள் என்றால் பாஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாரியம்மா என்றால் அக்கா சும்மா விடமாட்டார்.

“உன்னத்தான்டா” என்றார் அண்ணே. “முட்டி புடிச்சிக்கிச்சி.”

“முட்டிக்கு முன்னாடியே கூப்புட்டியே.”

“ஆமா.”

மாரிமுத்து அவரைத் தூக்கவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, “எனக்கும் முட்டி சரியில்ல. குந்திக்கிறேன். உங்காளு ஒத்துக்குவாரா?” என்றான்.

“குந்து.”

சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தான். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த ஏழாம் நம்பர் ஆட்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எங்கள் பையன்கள் மறுபடியும் முட்டி போட்டார்கள். அது பாதி ஜெபக்கூட்டம் போலவும் பாதி கல்யாணப் பந்தி போலவும் இருந்தது. நிபந்தனைப்படி யாரும் வாய் திறக்கவில்லை. பனி முழுதும் விலகி, ஜெராய் மலை அப்போதுதான் வந்து நின்றதுபோல் தெரிந்தது. மேடம் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டார். மணியைப் பார்க்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

எனக்கு இப்போது பினாங்கில் வேலை. சொந்தமாக ஒரு சின்னக் கார். ஆபீஸ் கார்பார்க்கில் நிறுத்தியதும், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் கூரை வரை உயர்த்துகிறேன். சென்ற திங்கட்கிழமை காலை அங்கே உட்கார்ந்திருந்தபோது லெட்சுமி அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். தவறுதலாக அழுத்திவிட்டார் என்று நினைக்கிறேன், பேச்சே இல்லை. வேன் பார்க்கிங்கில் நிற்கிற சத்தம். லட்சம் பேர் இரைச்சல். வர்ணனையாளர் தொண்டை கிழிய ‘ஹெயில் மேரி’ என்று கத்துகிறார். சத்தத்தை யாரும் குறைக்கவில்லை. பக்கத்து வேனிலிருந்து சாவகாசமாக ஒரு குரல், “என்னாடா?”

அதை நான் இன்னும் அழிக்கவில்லை.